உலோக நஞ்சும் வாயில்லா உயிர்களும்

நம் வீட்டுத் திண்ணையில் வளரும் பூனை ஒருநாள் நிலைகொள்ளாமல் சுழல்கிறது. வாயிலிருந்து எச்சில் வழிகிறது. கால்கள் பின்னிக்கொள்கின்றன. சுவரில் மோதி விழுந்து, எழுந்து, மீண்டும் சுழன்று, இறுதியில் மடிகிறது. அடுத்த வாரம் பக்கத்து வீட்டுப் பூனைக்கும் அவ்வாறே நேர்கிறது. நாம் என்ன செய்வோம்? "ஐயோ, பாவம்" என்று சொல்லி அடக்கம் செய்துவிட்டு நம் வேலையைப் பார்க்கச் செல்வோம். பெரும்பாலோர் செய்வது இதுவே.

ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்கு முன் ஜப்பான் நாட்டின் கடற்கரைச் சிற்றூர்களில் வாழ்ந்தோரும் இவ்வாறே செய்தனர். அவ்வூர்ப் பூனைகள் தம் உடலால் உரைத்த செய்தியைக் கேட்கத் தவறியதற்கு அம்மக்கள் தந்த விலை மிகப் பெரிது. தொழிற்சாலைகள் வெளியேற்றும் உலோகங்கள் விலங்குகளின் நடத்தையையும் இனப்பெருக்கத்தையும் எவ்வாறு சிதைக்கின்றன என்பதனையும், அச்சிதைவு நமக்கு உணர்த்துவது யாது என்பதனையும் இக்கட்டுரையில் காண்போம்.

உலோகம் எவ்வாறு நஞ்சாகிறது?

இரும்பு, துத்தநாகம், செம்பு முதலிய சில உலோகங்கள் உயிர்களுக்குச் சிறிதளவு தேவைப்படுகின்றன. பாதரசம், காரீயம், காட்மியம் ஆகியவற்றுக்கோ உடலில் எந்த வேலையும் இல்லை. எனினும் அவை உடலுக்குள் எளிதில் நுழைகின்றன. காரணம், உடல் அவற்றை வேறொன்றாகக் கருதி ஏமாறுவதுதான். காரீயத்தைச் சுண்ணாம்புச் சத்து எனக் கொண்டு எலும்பு சேமித்து வைக்கிறது. நரம்பும் அவ்வாறே ஏமாறித் தன் செய்தியைத் தவறவிடுகிறது. மெத்தில் பாதரசம் உடலிலுள்ள சிஸ்டீன் என்னும் அமினோ அமிலத்தோடு இணைந்து, மற்றொரு அமினோ அமிலமான மெத்தியோனினின் சாயலைப் பெறுகிறது. அவ்வேடத்தில் அது மூளையின் காவலையும் நஞ்சுக்கொடியின் காவலையும் கடந்து சென்றுவிடுகிறது.

மேலும் ஒன்றை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். இயற்கையில் சேரும் இலைதழையும் சாணமும் மட்கிப்போகும், உலோகம் மட்காது. நீரில் மிகச் சிறிதளவே கலந்த பாதரசம் நுண்ணுயிரில் சேர்கிறது. நுண்ணுயிர் பலவற்றைச் சிறுமீன் உண்கிறது; சிறுமீன் பலவற்றைப் பெருமீன் உண்கிறது; பெருமீனைப் பறவையும் பூனையும் உண்கின்றன. ஒவ்வொரு படியிலும் நஞ்சு பன்மடங்கு செறிவடைகிறது. எனவே நீரைச் சோதித்துப் பார்ப்பவருக்கு அற்பமாகத் தோன்றும் அளவு, உணவுச் சங்கிலியின் உச்சியில் உள்ள உயிருக்குக் கொடிய அளவாக முடிகிறது.

மினமாட்டாவில் ஆடிய பூனைகள்

ஜப்பானின் தென்கோடிப் பெருந்தீவுகளுள் ஒன்றான கியூஷூவில், குமமோட்டோ மாநிலத்தில், ஷிரானுய் கடலை நோக்கி அமைந்த ஊர் மினமாட்டா. அங்கிருந்த சிஸ்ஸோ நிறுவனத்தின் தொழிற்சாலை 1932 முதல் 1968 வரை அசிட்டால்டிஹைடு என்னும் வேதிப்பொருளைத் தயாரித்தது. அத்தயாரிப்பில் பாதரச உப்பு வினையூக்கியாகப் பயன்பட்டது. அவ்வினையின்போதே உண்டான மெத்தில் பாதரசம், கழிவுநீரோடு வளைகுடாவில் கலந்தது.

1950களின் தொடக்கத்தில் அக்கடற்கரையில் வியத்தகு நிகழ்ச்சிகள் நேர்ந்தன. மீன்கள் செத்து மிதந்தன. காகங்கள் பறக்கும்போதே தரையில் வீழ்ந்தன. பூனைகள் சுழன்றாடி, வெறிகொண்டாற்போல் ஓடி, சில கடலிலும் வீழ்ந்து மாண்டன. மக்கள் அதனை 'ஆடும் பூனை நோய்' என்றனர். மோடோ என்னும் மீனவச் சிற்றூரில் பூனைகள் ஏறத்தாழ முற்றிலும் அழிந்து, எலிகள் பெருகித் தொல்லை தருவதாக 1954ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் உள்ளூர் நாளிதழில் செய்தி வந்தது. எலித் தொல்லைக்குத் தீர்வு தேடினார்களேயன்றிப் பூனைகள் ஏன் மாண்டன என்று எவரும் ஆராயவில்லை.

அச்செய்தி வெளியாகி இரண்டு ஆண்டுகள் நிறைவதற்குள், 1956 ஏப்ரலில், நடக்கவும் பேசவும் இயலாத நிலையில் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி தொழிற்சாலை மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். அடுத்து அவளுடைய தங்கைக்கும் அதே நிலை. மருத்துவமனைத் தலைவர் டாக்டர் ஹஜிமே ஹோசோகாவா, காரணம் அறியப்படாத மூளைநோய் பரவுவதாக 1956 மே 1 அன்று சுகாதார நிலையத்துக்கு அறிவித்தார். நோய் அதிகாரப்பூர்வமாக அறியப்பட்ட நாளாக இந்நாளே கொள்ளப்படுகிறது. அவ்வாண்டு முடிவதற்குள் குமமோட்டோ பல்கலைக்கழகத்தார் வளைகுடா மீன் வழியாக ஏதோ ஒரு கன உலோகம் உடலில் சேர்கிறது என்று கூறினர். 1959 ஜூலையில் அவ்வுலோகம் கரிமப் பாதரசமே என்றும் அறிவித்தனர்.

நானூறாம் எண் பூனை

இவ்வரலாற்றில் நம் நெஞ்சை மிகவும் உறுத்தும் பகுதி இனி வருவது. டாக்டர் ஹோசோகாவா தொழிற்சாலையின் ஊழியர். ஆயினும் உண்மையை அறிய விழைந்தார். 1959இல் அசிட்டால்டிஹைடு பிரிவின் கழிவுநீரை உணவில் கலந்து ஒரு பூனைக்கு நாள்தோறும் அளித்தார். அப்பூனையின் எண் 400. அக்டோபர் மாதத்தில் அதுவும் கடற்கரைப் பூனைகளைப் போலவே நடுங்கிச் சுழன்று வீழ்ந்தது. நோயின் ஊற்று எது என்பது அன்றே தொழிற்சாலைக்குள் தெரிந்துவிட்டது. ஆனால் நிர்வாகம் சோதனையை நிறுத்தச் சொல்லியது; முடிவும் வெளியிடப்படவில்லை. அவ்வாண்டு டிசம்பரில் கழிவுநீரைத் தூய்மையாக்கும் பொறி ஒன்று ஆரவாரத்துடன் நிறுவப்பட்டது. அது கரைந்த பாதரசத்தை நீக்குவதற்காக அமைக்கப்பட்டதன்று.

அதன்பின் எட்டு ஆண்டுகளுக்கும் மேலாகக் கழிவு கடலில் கலந்துகொண்டே இருந்தது. 1965இல் நீகாட்டா மாநிலத்தில் அகானோ ஆற்றங்கரையில், வேறொரு நிறுவனத்தின் ஆலையால், இதே நோய் மீண்டும் தோன்றியது. 1968 செப்டம்பரில்தான் ஜப்பான் அரசு தொழிற்சாலைக் கழிவே காரணம் என ஏற்றுக்கொண்டது. 1970இல், புற்றுநோயால் படுக்கையில் கிடந்த டாக்டர் ஹோசோகாவா நானூறாம் எண் பூனையைப் பற்றி நீதிமன்றத்துக்குச் சாட்சியம் அளித்தார். சில மாதங்களில் மறைந்தார். 1973இல் நீதிமன்றம் நிறுவனத்தைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. குமமோட்டோ, ககோஷிமா ஆகிய இரு மாநிலங்களிலும் நோயாளர் என முறையாக ஏற்கப்பட்டோர் மட்டும் 2,200க்கும் மேற்பட்டோர்.

இங்கே நாம் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். சோதனைச்சாலையில் பூனைகளை வதைத்துத்தான் உண்மையை அறிந்திருக்க முடியுமா? கடற்கரையில் நூற்றுக்கு மேற்பட்ட பூனைகள் முன்னரே மடிந்து கிடந்தன. அவற்றின் சாட்சியம் ஏற்கப்பட்டிருந்தால், கூண்டிலிருந்த பூனைகளுக்கு அந்த வேதனை தேவைப்பட்டிராது. முதலில் மாண்டவற்றை மதியாத குற்றத்துக்காகவே மேலும் பல உயிர்கள் வருத்தப்பட்டன. அவ்வாறு வருத்திப் பெற்ற உண்மையையும் பேழைக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

கருவறைக்குள் சென்ற நஞ்சு

தாயின் உடலில் சேரும் நஞ்சிலிருந்து கருவை நஞ்சுக்கொடி காத்துவிடும் என்பதே அந்நாள் மருத்துவ உலகின் நம்பிக்கையாக இருந்தது. மினமாட்டா அந்நம்பிக்கையைத் தகர்த்தது. மீனை ஒருபோதும் உண்டறியாத பச்சிளங்குழந்தைகள் கைகால் முடங்கிப் பிறந்தனர். தாய்மார் பலருக்கோ நோய்க்குறி மிகச் சிறிதளவே காணப்பட்டது. தாயின் உடலிலிருந்த பாதரசத்தைக் கருவிலிருந்த குழந்தை ஏற்றுக்கொண்டிருந்தது. 1962இல் இது பிறவி மினமாட்டா நோய் என ஒப்புக்கொள்ளப்பட்டது.

குழந்தையின் தொப்புள்கொடியை உலர்த்திப் பேழையில் வைத்துப் போற்றுவது ஜப்பானியக் குடும்ப வழக்கம். டாக்டர் மசாசுமி ஹராடா முதலியோர் பிற்காலத்தில் அவ்வாறு காக்கப்பட்ட கொடிகளைப் பெற்று ஆராய்ந்தபோது, அவற்றுள் மெத்தில் பாதரசம் மிகுந்திருந்தது தெரிய வந்தது. அன்பின் அடையாளமாகத் தாய் பாதுகாத்த பொருளே நஞ்சின் ஆவணமாயிற்று. நஞ்சு மிகுந்திருந்த 1950களின் பிற்பகுதியில் அவ்வூரில் ஆண் குழந்தைகளின் பிறப்பு விகிதம் குறைந்திருந்ததையும், ஆண் கருக்கள் மிகுதியாகச் சிதைந்ததே அதற்குக் காரணமாகலாம் என்பதையும் 2001இல் ஜப்பானிய ஆய்வாளர் வெளியிட்டனர்.

முட்டையிடும் பறவைகளின் நிலையும் இத்தகையதே. பறவை தன் உடலிலுள்ள பாதரசத்தை இறகுகள் வழியாக ஓரளவு கழிக்கிறது. தாய்ப்பறவை முட்டை வழியாகவும் கழிக்கிறது. தாய் இலேசாகும்போது குஞ்சு சுமை ஏற்கிறது.

அரிவாள் மூக்கன் கற்பித்த பாடம்

சாவைக் கண்டால் நாம் திடுக்கிடுகிறோம். சாவு நேராமலேயே ஓர் உயிரின் வாழ்க்கை நிலைகுலையக்கூடும் என்பது பலர் எண்ணிப் பாராதது. அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்து எவர்கிளேட்ஸ் சதுப்புநிலத்தில் வாழும் வெள்ளை அரிவாள் மூக்கன் பறவைகளைப் பற்றிய ஆய்வு இதனைத் தெளிவாக்கியது. பீட்டர் பிரெடரிக், நில்மினி ஜெயசேன ஆகியோர் இளம்பறவைகளைப் பெருங்கூண்டுகளில் நான்கு குழுக்களாகப் பிரித்து வைத்தனர். ஒரு குழுவுக்குத் தூய உணவு. ஏனைய மூன்றுக்கும் பத்து லட்சத்தில் 0.05 பங்கு முதல் 0.3 பங்கு வரை மெத்தில் பாதரசம் கலந்த உணவு. இவை காட்டுப் பறவைகள் இயல்பாகவே எதிர்கொள்ளும் அளவுகள்.

மூன்று ஆண்டுகளில் கண்டது யாது? பறவைகள் சாகவில்லை. ஆனால் பாதரசம் உண்ட ஆண்பறவைகள் இணையை அழைக்கும் சடங்குகளில் குன்றின. பெண்பறவைகளும் அவற்றை நாடி வருவது குறைந்தது. ஆண்பறவைகள் ஆண்பறவைகளோடே இணைந்து கூடமைப்பது, அளவு கூடக்கூட மிகுந்து, 55 விழுக்காடு வரை சென்றது. மிகு அளவு உண்ட குழுவில் பறக்கும் பருவம் எய்திய குஞ்சுகள் சராசரி 35 விழுக்காடு குறைந்தன. நாளமில்லாச் சுரப்பிகளின் ஒழுங்கு குலைந்ததே இதற்குக் காரணம் என ஆய்வாளர் கருதினர். இம்முடிவை மனிதர்மீது ஏற்றிக் கதை பேசுவது பொருந்தாது. ஆய்வு அப்பறவைகளைப் பற்றியது மட்டுமே. அதில் நாம் கற்க வேண்டியது வேறு: தொலைநோக்கியில் பார்ப்பவருக்கு அச்சதுப்புநிலத்தில் பறவைகள் நலமாகவே தோன்றும், கூடுகளும் தோன்றும், அடுத்த தலைமுறை மட்டும் வராது.

காரீயமும் இவ்வாறே நடத்தையைக் கெடுக்கிறது. கடற்காகக் குஞ்சுகளிடம் ஜோனா பர்கர், மைக்கேல் காக்பெல்டு ஆகியோர் செய்த ஆய்வுகளில், காரீயம் ஏறிய குஞ்சுகள் நடையில் தடுமாறின. உணவு கேட்டுக் கொத்தும் முறையில் பிழைத்தன. தம்மை வளர்ப்போரை இனங்காண்பதிலும் குறைபட்டன. தாயை அறியாத குஞ்சு பறவைக் கூட்டத்தின் நடுவே எவ்வாறு பிழைக்கும்?

ஈரறிவுயிரான நத்தை

ஊறும் சுவையும் மட்டுமே அறியும் நத்தையை ஈரறிவுயிர் எனத் தொல்காப்பியம் வகுக்கிறது. சங்கையும் சிப்பியையும் ஈரறிவுயிர்களுள் வைத்து எண்ணுவது நம் ஆகம மரபு. இத்தகைய சிற்றுயிர்க்கு நேர்ந்த இடரும் இங்குக் கூறத்தக்கது.

கப்பலின் அடிப்புறத்தில் கடலுயிர்கள் ஒட்டாமலிருக்க, வெள்ளீயம் கலந்த 'டிரைபியூட்டில் டின்' என்னும் பொருளைச் சேர்த்த வண்ணப்பூச்சு 1960கள் முதல் பரவலாயிற்று. அது கடல்நீரில் சிறிது சிறிதாகக் கரைந்தது. பிரான்சின் ஆர்க்காஷோன் வளைகுடாவில் சிப்பிகளின் ஓடுகள் உருக்குலைந்தன, இளஞ்சிப்பிகள் தோன்றாமற்போயின. இங்கிலாந்தின் தென்மேற்குக் கரையில் நாய்நத்தை எனப்படும் கடல்நத்தையின் பெண்களுக்கு ஆண் உறுப்பு வளர்ந்தது; முட்டை வெளிவரும் வழி அடைபட்டது; முட்டைகள் உள்ளேயே தேங்கிப் பெண்நத்தைகள் மாண்டன. சில இடங்களில் அவ்வினமே மறைந்தது. ஒரு லிட்டர் நீரில் ஒரு நானோகிராம், அதாவது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு, என்னும் அளவிலேயே இக்கேடு தொடங்குகிறது.

பிரான்சு 1982இலும் பிரிட்டன் 1987இலும் சிறு படகுகளுக்கு இப்பூச்சைத் தடுத்தன. 2001இல் உலக நாடுகள் செய்த உடன்படிக்கை 2008 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்து, எல்லாக் கப்பல்களுக்கும் அதனை விலக்கியது. அதன்பின் நத்தைகள் பல கரைகளில் மீண்டும் பெருகின. எவர்கிளேட்சிலும் இவ்வாறே: 1990களில் குப்பை எரியுலைகளின் பாதரசப் புகை கட்டுப்படுத்தப்பட்டபின், பறவைகளின் இறகுகளில் பாதரசம் வெகுவாகக் குறைந்தது. கேட்டை நிறுத்தினால் உயிர் தழைக்கிறது என்பதற்கு இவை சான்றுகள்.

"நாம் மீன் உண்பதில்லையே!"

இவற்றைப் படிக்கும் அன்பர் சிலர், "மீன் உண்போர்க்கு நேர்ந்த துன்பம் இது, நமக்கு இதில் என்ன?" என்று கருதக்கூடும். இவ்வெண்ணம் இரு வகையில் பிழையானது.

முதலாவது, நஞ்சு மரக்கறி உணவை விட்டு விலகி நிற்பதில்லை. ஜப்பானின் தோயாமா மாநிலத்தில் ஜின்ஸூ ஆற்று நீரில் சுரங்கக் கழிவின் காட்மியம் கலந்தது. அந்நீர் பாய்ந்த வயல்களின் அரிசியை உண்டவர்க்கு, சிறப்பாகப் பல பிள்ளைகளைப் பெற்ற மூத்த பெண்களுக்கு, சிறுநீரகம் கெட்டு எலும்புகள் நொறுங்கின. வலி பொறாது அவர்கள் கதறிய சொல்லே 'இத்தாய் இத்தாய்' என அந்நோய்க்குப் பெயராயிற்று. 1968இல் அரசு காரணத்தை ஏற்றது. உடலில் புகுந்த காட்மியம் சிறுநீரகத்தை விட்டு நீங்கப் பல்லாண்டுகள் ஆகும். எலிகளில் அது விந்தகத்தை அழிப்பதை 1956இலேயே ஆய்வாளர் கண்டறிந்திருந்தனர்.

இரண்டாவது, கேள்வி நம் இலையில் என்ன வைக்கப்படுகிறது என்பது மட்டுமன்று. கொல்லும் எண்ணம் இல்லாவிடினும், கருத்தின்மையால் விளையும் உயிர்க்கேடும் இம்சையே என்பது நாம் இளமை முதல் கேட்டுவரும் பாடம். மினமாட்டா ஆலையில் எவரும் பூனையைக் கொல்ல நினைக்கவில்லை. கழிவு எங்கே செல்கிறது என்று நினைக்கவில்லை, அவ்வளவே. தெரிந்தபின்னும் அதனைத் தொடர்ந்தபோது கருத்தின்மை கொடுமையாக மாறியது.

பசுவும் பழைய பேட்டரியும்

நம் நாட்டில் நாம் கண்முன் காணும் ஒன்றைக் கூறுவோம். குப்பைமேட்டில் மேயும் பசு, உடைந்து கிடக்கும் பேட்டரியின் காரீயத் தகட்டையும் உரிந்த பழைய வண்ணப்பூச்சையும் நக்குவது வழக்கம். காரீயம் ஏறிய பசுவுக்குப் பார்வை மங்குகிறது, அது பற்களை நெறுநெறுவெனக் கடிக்கிறது, வட்டமிட்டுச் சுற்றுகிறது, சுவரில் தலையை அழுத்தி நிற்கிறது. சினைப்பசு கன்று வீசுவதும் உண்டு. இக்குறிகளைக் கண்டவர் வெறிநாய் கடித்ததென்றோ, கண்ணேறு என்றோ எண்ணி வாளாவிருத்தல் தகாது. உடனே கால்நடை மருத்துவரை அழைப்பதோடு, அப்பசு மேய்ந்த இடத்தையும் சென்று பார்க்க வேண்டும். ஒரு பசுவின் நோய்க்குக் காரணமான இடம் அடுத்த பசுவையும், அங்கு விளையாடும் குழந்தையையும் காத்திருக்கிறது.

சட்டங்கள் இல்லாமலில்லை. காரீயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் 2000ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. வீட்டு வண்ணப்பூச்சில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மிகாதிருக்க வேண்டும் என்னும் விதி 2017 முதல் நடைமுறையில் உள்ளது. பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறுவதற்கான விதிகள் 2001இலும், விரிவாக 2022இலும் வந்தன. பாதரசத்தைக் கட்டுப்படுத்த 2013இல் உலக நாடுகள் கூடிச் செய்த உடன்படிக்கைக்கு 'மினமாட்டா' என்றே பெயரிட்டனர். 2018இல் இந்தியாவும் அதனை உறுதிசெய்து ஏற்றது. ஆயினும் சட்டம் நம் வீட்டு வாசலுக்கு வந்து குப்பையைப் பிரித்துத் தராது.

நாம் செய்யத்தக்கன

1. பழைய பேட்டரி, குழல்விளக்கு, வெப்பமானி, மின்னணுக் கருவி ஆகியவற்றைக் குப்பையோடு சேர்த்தெறியலாகாது. அவற்றை முறையாகப் பெறும் இடத்தில் சேர்ப்பிக்க வேண்டும். விலை சற்றுக் கூடத் தருகிறார் என்பதற்காகத் திறந்தவெளியில் உருக்குபவரிடம் பேட்டரியை விற்பதைத் தவிர்க்க வேண்டும்.

2. வெப்பமானி உடைந்தால் பாதரசத் துளிகளைக் கையால் தொடலாகாது, துடைப்பத்தால் பெருக்கலாகாது. சன்னல்களைத் திறந்து வைத்து, தடித்த தாளால் துளிகளை ஒன்றுசேர்த்து மூடியுள்ள புட்டியில் இட வேண்டும்.

3. கோசாலை நடத்துவோர் வேலி, கதவு, தொட்டி ஆகியவற்றுக்குக் காரீயமற்ற பூச்சையே பயன்படுத்த வேண்டும். வளாகத்தில் பழைய பேட்டரி கிடவாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும்.

4. உலோகம், சாயம், முலாம் பூசுதல் முதலிய தொழில்களில் ஈடுபட்டுள்ள நம் அன்பர்கள், ஆலையின் கழிவுநீர் போய்ச்சேரும் இடத்தைத் தாமே ஒருமுறை நடந்து சென்று காண வேண்டும். கணக்குப் புத்தகத்தில் எழுதப்படாத செலவு அங்கே தெரியும்.

5. ஊரில் காகமோ, நாயோ, பூனையோ, மீனோ காரணமின்றித் தொடர்ந்து மடிந்தால், அதனை உரியவர்க்கு எழுத்து வழியாகத் தெரிவிக்க வேண்டும். குழந்தைகளுக்கும் இதனைக் கற்பிக்க வேண்டும்.

மினமாட்டா வளைகுடாவின் நஞ்சுச் சேற்றை அகழ்ந்தெடுத்துக் கரையோரத்தைத் தூர்க்கும் பணி 1990இல் முடிந்தது. மீன்களில் பாதரசம் பாதுகாப்பான அளவுக்குக் குறைந்துவிட்டதென 1997இல் அறிவிக்கப்பட்டு, வளைகுடாவை மறித்திருந்த வலையும் அகற்றப்பட்டது. மோடோவின் பூனைகளைப் பற்றிய நாளிதழ்ச் செய்திக்கும் அவ்வறிவிப்புக்கும் இடையே கழிந்த காலம் 43 ஆண்டுகள்.

வாயில்லா உயிர் என்று நாம் இரக்கத்தோடு சொல்கிறோம். அவ்வுயிர்கள் தம் நடையாலும், துடிப்பாலும், வெறுங்கூட்டாலும் பேசிக்கொண்டுதான் இருக்கின்றன. நம் தெருவில் இன்று எந்த உயிர் எதைச் சொல்கிறது என்று ஒரு கணம் நின்று பார்ப்போமாக.